செயின்ட் தாமஸ்ல ரென்டல் கார்: ரோடு நம்மூர் பக்கம், ஸ்டியரிங் அமெரிக்கா பக்கம்

நீங்க கேட்டதுல எனக்குப் புரிஞ்சது இதுதான். டிசம்பர்ல ஹூஸ்டன்ல இருந்து குடும்பத்தோட செயின்ட் தாமஸ் போறீங்க, நடுவுல ரெண்டு நாள் செயின்ட் ஜான், ரென்டல் எடுக்கலாமா வேண்டாமான்னு குழப்பம், அங்க லெஃப்ட்ல ஓட்டணும்னு தெரியும், ஆனா "நான் ஊர்ல ஆறு வருஷம் லெஃப்ட்ல ஓட்டுனவன்தானே, எனக்கென்ன கஷ்டம்"னு முடிச்சிருக்கீங்க. எடுங்க, தாராளமா எடுங்க. ஆனா அந்த கடைசி வரிய நம்பி எடுக்காதீங்க. நானும் அதே தைரியத்துலதான் போனேன். நாமக்கல்காரி, அப்பா லாரி ஓட்டுனவர், கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுலயும் அம்பாசடர் ஓட்டிப் பழகுனவ, இந்த குட்டித் தீவு என்னை என்ன பண்ணிடும்னு நெனச்சேன். முதல் நாள் மத்தியானமே பண்ணிடுச்சு, அத அப்புறம் சொல்றேன்.

முதல்ல அங்க என்ன விசித்திரம்னு புரிஞ்சுக்கணும். செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான் எல்லாம் சேர்ந்த கரீபியன் தீவுக்கூட்டம்தான் யுஎஸ் வெர்ஜின் ஐலண்ட்ஸ். அது அமெரிக்காவோட இடம்தான், 1917 மார்ச் 31ல டென்மார்க்கிட்ட இருந்து இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்குனாங்க. கொடி மாறுச்சு, காசு மாறுச்சு, ஆனா ரோட்ல போற பக்கம் மாறல. அமெரிக்கக் கொடி பறக்குற இடத்துலயே லெஃப்ட்ல ஓட்டுறது இங்க மட்டும்தான். ஏன் மாத்தலன்னு கேட்டா ஆளாளுக்கு ஒரு கதை சொல்வாங்க, கழுதைங்க லெஃப்ட்ல போய்ப் பழகிடுச்சு அதான்னு ஒரு டாக்ஸிக்காரர் எங்ககிட்ட சிரிக்காம சொன்னார். ஆனா கார் வர்றது எல்லாம் அமெரிக்காவுல இருந்து கப்பல்ல, அதனால ஸ்டியரிங் உங்க ஹூஸ்டன் கார்ல இருக்குற மாதிரியே இடது பக்கம். ரோடு நம்மூர் மாதிரி, கார் அமெரிக்கா மாதிரி.

இதுல என்ன பெரிய விஷயம்னு தோணும். யோசிச்சுப் பாருங்க, ஊர்ல லெஃப்ட்ல போறோம், ஸ்டியரிங் ரைட்ல, அப்ப டிரைவர் உக்கார்றது ரோட்டோட நடுப்பக்கம். அமெரிக்காவுல ரைட்ல போறோம், ஸ்டியரிங் லெஃப்ட்ல, அங்கயும் டிரைவர் நடுப்பக்கம்தான். ரெண்டு நாட்டுலயும் ஓட்டுன நமக்கு உடம்புல ஊறிப்போனது ஒண்ணே ஒண்ணு, நடுக்கோடு என் பக்கத்துல இருக்கணும், மிச்ச காரு அந்தாண்ட ஓரத்துப் பக்கம் இருக்கும். வெர்ஜின் ஐலண்ட்ஸ்ல இது அப்படியே தலைகீழ். நீங்க உக்கார்றது ஓரத்துல, சாக்கடை, கல் சுவர், பள்ளம் எல்லாம் உங்க தோள்பட்டைக்குப் பக்கத்துல, காரோட மிச்ச உடம்பு எதிர்ல வர்ற வண்டி பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கும். அதனால என்ன ஆகும்னா, நம்ம கை தன்னால நடுக்கோட்ட தேடும், ஓரத்துல பள்ளத்தப் பார்த்து பயந்து இன்னும் கொஞ்சம் ரைட்ல நகரும், நாம சரியா போறோம்னு நெனச்சுக்கிட்டு இருப்போம், ஆனா வலது பக்க டயர் ரெண்டும் எதிர் லேன்ல போய்ட்டு இருக்கும். பக்கத்து சீட்ல உக்காந்திருக்குறவங்கதான் அலறுவாங்க. எங்க வீட்டுக்காரர் முதல் ரெண்டு மணி நேரம் "ஏய் ஏய் ஏய்"ன்றத தவிர வேற எதுவும் பேசல.

அதுக்கு எனக்கு கை கொடுத்த ஒரே வழி, என் இடது தோள் ரோட்டு ஓரத்த ஒட்டியே போகணும்னு மனசுல வச்சுக்கிட்டது. லெஃப்ட் லெஃப்ட்னு சொல்லிக்கிட்டே இருந்தா ஒரு கட்டத்துல வார்த்தைக்கு அர்த்தமே போய்டும், தோள் ஓரத்துலன்னு வச்சுக்கிட்டா வளைவுலயும் சரி, திரும்புனதுக்கு அப்புறமும் சரி, உடம்பே சொல்லிடும். கண்ணாடிய ஒரு தடவ பார்த்து வெள்ளைக்கோட்டுக்கும் இடது டயருக்கும் எவ்வளவு இடம் இருக்குன்னு முதல் அரை மணி நேரம் அப்பப்ப செக் பண்ணிக்கோங்க, அப்புறம் பழகிடும்.

இப்ப நம்ம கதை. மேகன்ஸ் பே பீச்சுல இருந்து கிளம்பினோம், ரெண்டு மணி நேரம் தண்ணில ஆடிட்டு, பசி, பிள்ளைங்க பின்னாடி மண்ணும் தலையுமா சண்டை. பார்க்கிங்ல இருந்து வெளிய வந்தேன், ரோட்ல ஒரு ஈ காக்கா இல்ல, ஜம்முனு ரைட் லேன்ல ஏறிப் போய்ட்டே இருக்கேன், காத்து நல்லா வருதேன்னு ஜன்னல வேற இறக்கினேன். எதிர்ல ஒரு சஃபாரி வருது. சஃபாரின்னா அங்க பெரிய பிக்கப் லாரி பின்னாடி பெஞ்சு போட்டு மேல கூரை வச்ச வண்டி, நம்மூர் ஷேர் ஆட்டோவோட பெரியண்ணன் மாதிரி. அந்த டிரைவர் நின்னுட்டார். திட்டல, கத்தல, பாம்னு சின்னதா ஒரு ஹார்ன், கைய மெதுவா அந்தப் பக்கம்னு காட்டினார், பின்னாடி இருந்த பத்து பேரும் சேர்ந்து சிரிச்சாங்க. அவ்வளவுதான். எனக்கு கை நடுக்கம் நிக்க பத்து நிமிஷம் ஆச்சு.

அன்னிக்கு புரிஞ்சது, தப்பு நடக்குறது டிராஃபிக்ல இல்ல. டிராஃபிக்ல முன்னாடி போறவன் பின்னாடியே போனா போதும். காலி ரோட்ல, பார்க்கிங்ல இருந்து வெளிய வர்றப்ப, பெட்ரோல் போட்டுட்டு கிளம்புறப்ப, வியூ பாயின்ட்ல போட்டோ எடுத்துட்டு வண்டிய எடுக்குறப்ப, யூ டர்ன் போட்ட உடனே, அங்கதான் பழைய மூளை முழிச்சுக்கும். அதுலயும் மூணாவது நாள்தான் மோசம், ஏன்னா முதல் நாள் பயம் இருக்கும், மூணாவது நாள் பழகிடுச்சுன்னு நெனப்போம். நாங்க அதுக்கப்புறம் ஒரு ரூல் வச்சோம், கார் நகர்றதுக்கு முன்னாடி பின் சீட்ல இருக்குற சின்னவ "அம்மா எந்தப் பக்கம்"னு கேக்கணும், நான் வாயத் தொறந்து பதில் சொன்னாதான் பிரேக்ல இருந்து கால் எடுக்கணும். அவளுக்கு அது விளையாட்டு, எனக்கு அது உயிர்.

திரும்புறது பத்தி. லெஃப்ட் டர்ன் சின்னது, ஓரத்த ஒட்டியே ஒடிச்சுடலாம். ரைட் டர்ன்தான் பெருசு, எதிர் டிராஃபிக்க வெட்டி தூரத்து லேனுக்குப் போகணும். ஹூஸ்டன்ல ரைட் டர்ன்னா சும்மா நைசா நழுவுற பழக்கம் இருக்கும், இங்க அந்த நழுவுறது நேரா தப்பு லேன்ல கொண்டு போய் விட்டுடும். ரோட்ட தாண்டி நடக்குறப்பவும் முதல்ல வலது பக்கம் பாருங்க. ரவுண்டானாவுல கடிகாரம் சுத்துற திசை, உள்ள இருக்குறவங்களுக்கு வழி விடணும், செயின்ட் ஜான்ல க்ரூஸ் பேல ஒண்ணு இருக்கு, கண்டிப்பா அது வழியா போவீங்க.

ஒரு நல்ல விஷயம், இண்டிகேட்டர் வைப்பர் குழப்பம் அங்க கிடையாது, கார் அமெரிக்க கார்தானே, எல்லாம் இருந்த இடத்துல இருக்கும். பார்படாஸ் போனப்ப ஸ்டியரிங் ரைட்ல இருக்குற கார் கொடுத்தாங்க, பத்து வருஷ அமெரிக்கப் பழக்கத்துல ஒவ்வொரு திருப்பத்துலயும் நல்ல வெயில்ல வைப்பர் ஆடுச்சு. ஆனா உண்மையச் சொன்னா ஊர்ல ஓட்டுன நமக்கு பார்படாஸ்தான் ஈசி, நடுக்கோடு தோளுக்குப் பக்கத்துலயே இருக்கும், அரை மணி நேரத்துல பழைய கை திரும்ப வந்துடும். வெர்ஜின் ஐலண்ட்ஸ்ல அந்த பழைய கை பாதிதான் உதவும்.

ஓவர்டேக், இத மட்டும் கண்டிப்பா கேளுங்க, பண்ணவே பண்ணாதீங்க. நீங்க ஓரத்துல உக்காந்திருக்கீங்க, முன்னாடி ஒரு சஃபாரியோ லாரியோ போகுது, அதுக்கு அந்தப்பக்கம் என்ன வருதுன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது, எட்டிப் பார்க்கணும்னா முக்கால்வாசி கார எதிர் லேன்ல நீட்டணும். பக்கத்து சீட்காரருக்குத்தான் தெரியும், அவர் "வா வா"ன்னு சொல்லி நீங்க ஓட்டுறது பஸ் கண்டக்டர் ரைட் சொல்ற மாதிரி ஆகிடும், வேண்டாம் அந்த வேலை. இடது பக்கம் வளையுற வளைவுலயும் இதே கதைதான், நீங்க உள்பக்கம் உக்காந்திருப்பீங்க, மலையோ சுவரோ பார்வைய மறைச்சுடும், ஸ்பீடக் குறைச்சு ஒரு ஹார்ன் கொடுத்துட்டுப் போங்க, உள்ளூர்க்காரங்களே அப்படித்தான் போறாங்க. ஸ்பீடு லிமிட் டவுன்ல 20 மைல், வெளிய 35, அந்த 35அ தொடுற மாதிரி நேர் ரோடே அதிகம் கிடையாது. பின்னாடி வர்றவருக்கு அவசரம்னா கொஞ்சம் அகலமான இடத்துல ஒதுங்கி விட்டுடுங்க, ரெண்டு பேருக்கும் நிம்மதி.

மலை பத்தி சொல்லணும். தீவு நீளம் 13 மைல்தான், ஆனா ஏர்போர்ட்ல இருந்து கிழக்கு கோடியில இருக்குற ரெட் ஹுக் போக முக்கால் மணி நேரம் ஆகலாம், ஏன்னா எல்லாமே ஏத்தம் இறக்கம் வளைவு. ஸ்கைலைன் டிரைவ், மஃபோலி ரோடு எல்லாம் ஏற்காடு ஞாபகம் வரும், ஆனா ஏற்காட்டுல இருக்குற மாதிரி எல்லா இடத்துலயும் தடுப்புச் சுவர் இருக்காது. எங்க அப்பா சொல்ற ஒரே டிரைவிங் பாடம், ஏறுன கியர்லயே இறங்கு. ஹூஸ்டன்ல ஃப்ளாட்டான ரோட்ல ஆட்டோமேடிக் ஓட்டி ஓட்டி அந்த எல்-னு ஒரு எழுத்து கியர் பக்கத்துல இருக்குறதே நமக்கு மறந்து போச்சு. இறக்கத்துல அத போடுங்க, இல்ல மேனுவல் மோடுல கியரக் குறைங்க, பிரேக்க மிதிச்சுக்கிட்டே இறங்கினா பாதி மலையில கருகல் வாசம் வரும், அது பக்கத்து வண்டியில இருந்து இல்ல, உங்க வண்டியில இருந்துதான். மழை பெஞ்ச முதல் பத்து நிமிஷம் ரோடு சோப்பு போட்ட மாதிரி வழுக்கும், அந்த நேரத்துல எங்கயாவது டீ குடிச்சுட்டு கிளம்புங்க. டீ நல்லா இருக்காது, அது வேற விஷயம்.

ரோட்டு மரியாதை நம்மூர் மாதிரி தெரியும், ஆனா அர்த்தம் வேற. நம்மூர்ல எதிர் வண்டி லைட் அடிச்சா "நான் வரேன் ஒதுங்கு". அங்க லைட் அடிச்சா பெரும்பாலும் "நீ போ, நான் நிக்கிறேன்". முதல் நாள் நான் ரெண்டு மூணு தடவ மிரண்டு போய் நின்னுட்டேன், அவரும் நிக்கிறார் நானும் நிக்கிறேன், பின்னாடி வரிசை சேருது. வழி விட்டா சின்னதா பாம்னு ஒரு ஹார்ன், அது நன்றி, நீங்களும் அடிங்க. நடு ரோட்ல கார நிறுத்தி எதிர்ல வர்றவர்கிட்ட குசலம் விசாரிப்பாங்க, ஹார்ன நீட்டி அழுத்தாதீங்க, அரை நிமிஷத்துல போய்டுவாங்க. சஃபாரி ஆள் ஏத்த எங்க வேணாலும் நிக்கும், அதனால இடைவெளி விட்டே போங்க. இன்னொண்ணு, வழி கேக்கணும்னாலும் சரி, பெட்ரோல் பங்க்ல பேசணும்னாலும் சரி, முதல்ல குட் மார்னிங் இல்ல குட் ஆஃப்டர்நூன் சொல்லிட்டுதான் பேச ஆரம்பிக்கணும், நேரா விஷயத்துக்கு வந்தா மரியாதை தெரியாதவங்கன்னு நெனப்பாங்க. இது சும்மா சொல்றது இல்ல, ஆளே மாறிப் பேசுவாங்க.

செயின்ட் ஜான் பத்தி தனியா கேட்டிருந்தீங்க. தீவுல பாதிக்கு மேல நேஷனல் பார்க், 1956ல ஆரம்பிச்சது. ரெட் ஹுக்ல இருந்து கார் ஏத்துற பார்ஜ் போகும், அரை மணி நேரத்துக்குள்ள க்ரூஸ் பே. ஆனா புக் பண்றதுக்கு முன்னாடியே ரென்டல்காரங்ககிட்ட செயின்ட் ஜானுக்கு எடுத்துட்டுப் போகலாமான்னு கேட்டுக்கோங்க, சில இடத்துல விட மாட்டாங்க. பார்ஜ்ல ஏத்துறப்ப பெரும்பாலும் ரிவர்ஸ்ல ஏத்தச் சொல்வாங்க, ரெண்டு பக்கமும் ஒரு சாண் இடம், முன்னாடி ஒருத்தர் கைய ஆட்டிக்கிட்டே நிப்பார், அவர் கைய மட்டும் பாருங்க, கண்ணாடிய பார்த்து நீங்களா புத்திசாலித்தனம் பண்ணாதீங்க, அவர் ஒரு நாளைக்கு நூறு வண்டி ஏத்துறவர். இது வேண்டாம்னு தோணுச்சுன்னா கார செயின்ட் தாமஸ்லயே திருப்பிக் கொடுத்துட்டு ஆள் மட்டும் ஃபெர்ரில போய் க்ரூஸ் பேல வேற ஒரு ஜீப் எடுக்கலாம், டிசம்பர்ல ஜீப் கிடைக்கிறது கஷ்டம், இப்பவே பார்த்துடுங்க.

அங்க நார்த் ஷோர் ரோடுதான் அழகு, ஹாக்ஸ்நெஸ்ட், ட்ரங்க் பே, சின்னமன் பே, மாஹோன்னு பீச் வரிசையா வரும், பார்க்கிங் சின்னது, ஒன்பது ஒன்பதரைக்குள்ள போய்டுங்க. கோரல் பே பக்கம் போனா ஆடு, கழுதை எல்லாம் ரோட்ல சாவகாசமா நிக்கும், இறங்கி விரட்டாதீங்க, சாப்பாடும் கொடுக்காதீங்க, மெதுவா ஊர்ந்து போனா தானா நகரும். லமேஷூர் பக்கம் ரோடு கரடுமுரடு, நிறைய ரென்டல் கான்ட்ராக்ட்ல அங்க போகக் கூடாதுன்னே போட்டிருக்கும், படிச்சுட்டு கையெழுத்து போடுங்க. செடானா ஜீப்பான்னு கேட்டீங்க, செயின்ட் தாமஸ் மட்டும்னா சின்ன எஸ்யூவி போதும், சின்னதா இருந்தா நல்லது கூட, ரோடு அகலம் அவ்வளவுதான். செயின்ட் ஜான் போறதா இருந்தா ஃபோர் வீல் டிரைவ் எடுங்க, தங்குற வீட்டுக்கு ஏறுற ரோடே சுவர் மாதிரி நிக்கும்.

போன் விஷயம் ஒண்ணு. வெர்ஜின் ஐலண்ட்ஸ்ல நம்ம அமெரிக்க பிளான் வேலை செய்யும், ஆனா செயின்ட் ஜான் வடக்குக் கரையில போனா எதிர்ல இருக்குற பிரிட்டிஷ் வெர்ஜின் ஐலண்ட்ஸ் டவர புடிச்சுக்கும், அது வெளிநாட்டு ரோமிங். ரோமிங்க ஆஃப் பண்ணிட்டு மேப்ப முன்னாடியே ஆஃப்லைன்ல இறக்கி வச்சுக்கோங்க. மேப் சில நேரம் குறுக்கு வழின்னு சொல்லி ஆடு ஏறுற சந்துல விடும், நம்பர் போட்ட பெரிய ரோட்லயே போங்க, ரூட் 30, 38, 40 இந்த மூணும் தெரிஞ்சா செயின்ட் தாமஸ்ல பாதி வேலை முடிஞ்சது. போனக் கையில புடிச்சு ஓட்டுறது சட்டப்படி தப்பு.

லைசென்ஸ், உங்க டெக்சாஸ் லைசென்ஸே போதும், வேற பெர்மிட் எதுவும் வேண்டாம். பிரிட்டிஷ் வெர்ஜின் ஐலண்ட்ஸ், பார்படாஸ், கேமன், ஆன்டிகுவா மாதிரி இடங்கள்லதான் அவங்க ஊர் விசிட்டர் பெர்மிட் காசு கொடுத்து வாங்கணும், ரென்டல் கவுன்டர்லயே பெரும்பாலும் போட்டுக் கொடுத்துடுவாங்க. எல்லா கரீபியன் தீவும் லெஃப்ட் இல்ல, அதையும் சொல்லிடறேன், பக்கத்துல இருக்குற போர்ட்டோ ரிக்கோவே ரைட்தான், டொமினிக்கன் ரிபப்ளிக் ரைட், டொமினிக்கா லெஃப்ட், இந்த ரெண்டு பேர குழப்பிக்கிட்டு டிக்கெட் போட்டவங்கள எனக்குத் தெரியும். இன்ஷூரன்ஸுக்கு உங்க டெக்சாஸ் பாலிசிய எடுத்து அமெரிக்க டெரிட்டரிகள்லயும் செல்லும்னு போட்டிருக்கான்னு பாருங்க, சாதாரணமா போட்டிருக்கும், கிரெடிட் கார்டு கவரேஜும் பாருங்க, ஆனா மண் ரோட்ல போய் அடிபட்டா நிறைய கார்டு கைய விரிச்சுடும். வண்டி எடுக்குறப்ப டயர் பக்கச்சுவர், இடது கண்ணாடி, அடிப்பக்க பம்பர் எல்லாம் வீடியோ எடுத்துக்கோங்க, இடது பக்கம்தான் கல்லுல உரசி இருக்கும்.

நீங்க ஹெச்1பி வேலை விசான்னு சொல்லியிருந்தீங்க இல்லையா, உள்நாட்டு ஃப்ளைட்டுதானேன்னு பாஸ்போர்ட்ட வீட்ல வச்சுட்டுப் போய்டாதீங்க, திரும்புறப்ப செயின்ட் தாமஸ் ஏர்போர்ட்லயே கஸ்டம்ஸ் செக்கிங் இருக்கு, பாஸ்போர்ட், ஐ-797ன்ற விசா அனுமதி நோட்டீஸ் எல்லாம் கையில இருக்கணும்.

பிள்ளைங்க இருக்காங்கன்னதால ஒண்ணு. டிரைவர் இறங்குறது ஓரத்துப் பக்கம், சேஃப். ஆனா வலது பக்க பின் கதவு திறக்குறது நேரா ரோட்டுக்குள்ள. கார் சீட்ட இடது பக்கம் போடுங்க, பெரிய பிள்ளைய வலது பக்கக் கதவத் தானா திறக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சு சைல்டு லாக்கும் போட்டுடுங்க. இத யாரும் எங்களுக்குச் சொல்லல, டவுன்ல வாட்டர்ஃப்ரன்ட் பக்கம் ஒரு தடவ கதவத் திறந்து ஒரு பைக்காரர் பிரேக் அடிச்சப்பதான் தெரிஞ்சது.

உங்க ஃப்ளைட் சாயங்காலம் அஞ்சு மணிக்கு இறங்குதுன்னா பேக்கேஜ் எடுத்து கார் எடுக்குறதுக்குள்ள இருட்டிடும், டிசம்பர்ல ஆறு மணிக்கெல்லாம் இருட்டு, மலை ரோட்ல தெரு விளக்கும் பெருசா இல்ல. அன்னிக்கு டாக்ஸில போய்டுங்க, ரேட் ஆளுக்கு இவ்வளவுன்னு அரசாங்கமே வச்சிருக்கு, பேரம் பேச வேண்டியதில்ல. போற வழியில டிரைவர் எப்படி ஓட்டுறார், வளைவுல எங்க ஹார்ன் அடிக்கிறார்னு பார்த்துக்கிட்டே போங்க, அதுவே ஒரு கிளாஸ். மறுநாள் காலைல சாவகாசமா கார எடுங்க, சாவி வாங்கின உடனே ரோட்டுக்கு ஏறாம அந்த லாட்லயே நாலு சுத்து சுத்திட்டுப் போங்க. குரூஸ் கப்பல் நிக்கிற நாள்ல டவுன் ரோடு ரங்கநாதன் தெரு மாதிரி ஆகிடும், அன்னிக்கு டவுன் பக்கம் போகாதீங்க.

ஹூஸ்டன்ல இறங்குன ராத்திரி ஏர்போர்ட் பார்க்கிங்ல இருந்து உங்க கார எடுப்பீங்க பாருங்க, அப்ப வீட்டம்மாவ தூங்க விடாதீங்க. நாங்க திரும்புன அன்னிக்கு ஏழு நாள் லெஃப்ட்ல ஓட்டுன தெம்புல பார்க்கிங் கேட்ட தாண்டுன உடனே நான் லெஃப்ட் லேன்லதான் ஏறினேன், சின்னவ பின்னாடி தூங்கிட்டா, கேக்க ஆள் இல்ல.